காணாமல் போன போட்டோவும் கால இயந்திரமும்

நம் வகுப்பில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்க்காதவர்கள் யாருமே இல்லை. 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கி, 22 படங்களாக நீண்ட கதையை 2019-இல் முடித்து வைத்த படம். இழந்தவர்களை மீட்க நாயகர்கள் பழைய காலத்துக்குப் போவார்கள். கதைப்படி அவர்கள் கிளம்பும் வருஷம் எது தெரியுமா? 2023!

அந்த 2023-ஐ நம் ஊரில் யாராலும் மறக்க முடியாது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. தாத்தாவின் போட்டோவைக் காணோம். முத்துக்குளிக்கப் போனபோது தோணியில் நின்று எடுத்த ஒரே போட்டோ.

கொஞ்ச நாள் கழித்து டிவியில் 'இன்று நேற்று நாளை' போட்டார்கள். ஆர். ரவிக்குமார் இயக்கி 2015-இல் வந்த படம். 2065-இலிருந்து வரும் கால இயந்திரம் இரண்டு நண்பர்களிடம் சிக்கும். அதில் பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டு, காணாமல் போன பொருள் எங்கே என்று ஜோசியம்போலச் சொல்லிக் காசு பார்ப்பார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த மெஷின் கிடைச்சா நம்ம போட்டோவக் கண்டுபிடிச்சிரலாம்லா ஆச்சி?"

"போட்டோ கெடக்கட்டும்ல. உங்க தாத்தா கத சொல்லக் கூப்பிட்டப்போ நீ எங்க இருந்த?"

சுருக்கென்றது. 2021-இல் இறக்கும்வரை தாத்தா சாயங்காலம் கூப்பிடுவார்: "ஏல, கடலுக்கடியில என்ன இருக்கும்னு சொல்லுதேன், வா." நான் செல்போனில் கேம் விளையாடிக்கொண்டே, "பொறவு கேக்கேன் தாத்தா" என்பேன். அந்தப் 'பொறவு' வரவே இல்லை.

எண்ட்கேமில் டோனி ஸ்டார்க் 1970-க்குப் போய், இறந்துபோன தன் அப்பாவிடம் பேசுவார். தான் யார் என்று சொல்ல முடியாது. நன்றி மட்டும் சொல்லி, கட்டிப்பிடித்துவிட்டு வருவார். எனக்கும் அப்படி ஒரே ஒரு சாயங்காலம் போதும்.

அது நடக்காது. அதனால் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நம் ஊரில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அதில் தாத்தாவும் இருந்தாராம்.

"கல்லுக் கயித்தப் புடிச்சு உள்ள போவாக. மூச்சு முட்டுனா கயித்த அசைப்பாக. மேல இருந்து தூக்குறது எங்க அண்ணன். மச்சான நம்பித்தான் எறங்குவாக."

இந்த மச்சான் போட்டோவில் கிடையாது! ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். இதுவரை 14 பக்கம். "தாத்தாவுக்கு முத்து கெடச்சுதா ஆச்சி?" என்றால், "அது நாளைக்கு" என்கிறாள். சீரியலில் 'தொடரும்' போடுகிற மாதிரி!

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கால இயந்திரம் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'பொறவு' என்று சொல்லாதீர்கள். இன்றைக்கே ஏறிவிடுங்கள்.

– 11-ஆம் வகுப்பு மாணவன்