வாசித்துக் காட்டிய ஞாயிறுகள்

இப்போது நான் வாசிப்பதெல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நாளிதழ், நாவல், அலுவலகக் கோப்பு எல்லாமே கண்ணோடு சரி. பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு படித்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டை வறளும்வரை சத்தமாக வாசித்திருக்கிறேன். சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் பார்வையற்றோர் பள்ளியின் விடுதிப் பிள்ளைகள். அந்த வாசிப்புக்கு மனசு இன்றும் ஏங்குகிறது.

பாளையங்கோட்டைக்கும் பார்வையற்றோர் கல்விக்கும் உள்ள உறவு பழையது. நாட்டிலேயே இத்தகைய முதல் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1890இல், ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பாளையங்கோட்டையில் ஒன்றைத் தொடங்கிவிட்டார். நூறாண்டு கழித்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாக எங்களில் சிலர் அங்கே போனோம். மற்றவர்கள் மரக்கன்று நட்டார்கள், பாதை செப்பனிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது வாசிக்கிற வேலை.

அந்த வேலைக்குத் தேவை இருந்தது. பிரெயில் எழுத்தைத் தடித்த தாளில்தான் அச்சிட முடியும். புள்ளிகளுக்கு இடமும் அதிகம் வேண்டும். நம் கைக்கு அடக்கமான ஒரு பாடநூல் அங்கே பல கனத்த தொகுதிகளாக அலமாரியை அடைத்துக்கொள்ளும். பாடநூலாவது கிடைத்துவிடும். கைடு, பழைய வினாத்தாள், அன்றைய நாளிதழ் எல்லாம் யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. நான் வாசிக்க, அவர்கள் மடியில் பலகையை வைத்துத் தாளைச் சொருகி, ஊசியால் குத்திக் குத்திக் குறிப்பெடுப்பார்கள். “மெதுவா வாசிங்கண்ணே, எழுதிக்கிட்டு இருக்கோம்லா” என்று யாராவது அதட்டுவார்கள். இருபது ஊசிகள் ஒரே நேரத்தில் தாளைத் துளைக்கும்போது, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும்.

அவர்கள் எழுதுவதைப் பார்க்கவே வியப்பாக இருக்கும். தாளின் பின்பக்கத்தில் குத்தினால்தானே முன்பக்கத்தில் புள்ளி புடைக்கும்? அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றி எழுதுவார்கள். பிறகு தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக விரலோட்டி வாசிப்பார்கள். ஆறே புள்ளிகள், 63 வடிவங்கள். லூயி பிரெயில் தன் பதினைந்தாம் வயதில், 1824இல், உருவாக்கிய இந்த முறைக்குள் நம் தமிழும் அழகாக உட்கார்ந்துகொண்டது. ‘கொ’ எழுத நாம் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் போடுகிறோம். பிரெயிலில் க, அதன் பின் ஒ, அவ்வளவுதான். ஒலிக்கிற வரிசையிலேயே எழுத்தும் வரும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் ஏழாம் வகுப்புப் பையன். என் விரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் வைத்து, தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

அறிவியல் புத்தகம் வாசிக்கும்போது ‘படத்தில் காட்டியபடி’ என்ற வரி வந்தால் என் வாசிப்பு நின்றுவிடும். எங்கிருந்தாவது ஒரு குரல், “என்ன படம்ணே?” என்று கேட்கும். அதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்கள். இதயத்தின் படத்துக்கு அவரவர் கையை முஷ்டியாக மூடச் சொல்லி, மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் சுவர், ரத்தம் இந்த வழியாக வந்து அந்த வழியாகப் போகிறது என்று தொட்டுக் காட்டுவேன். பள்ளியில் நான் அந்தப் படத்தை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கியவன். ரத்தம் எந்த அறைக்குள் முதலில் நுழைகிறது என்பது அந்த முஷ்டிகளின் மேல்தான் எனக்கு உறைத்தது.

புவியியலுக்கு நாங்களே வரைபடம் செய்தோம். கெட்டி அட்டையில் சணலை ஒட்டி எல்லைக்கோடு, நூலை ஒட்டி ஆறு, பசையில் பதித்த உளுந்து ஒவ்வொன்றும் ஒரு நகரம். குடகிலிருந்து பூம்புகார் வரை காவிரியை விரலால் தொடர்ந்து வந்த ஒரு பையன் “நம்ம ஆறு எங்கண்ணே?” என்றான். அவன் விரலைப் பொதிகையில் வைத்துப் புன்னக்காயல் வரை கொண்டுபோனேன். “இம்புட்டுதானா!” என்றான். காவிரி 800 கிலோமீட்டர், தாமிரபரணி 130கூட இல்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆனா நம்ம ஆறு நம்ம ஊருலேயே பொறந்து நம்ம ஊருலேயே கடல்ல சேருதுல்லா” என்றான். நெல்லைச் சீமை அதுவரை ஒரே மாவட்டமாக இருந்து, தூத்துக்குடி தனியாகப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

தேர்வு நெருங்கும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிற பயிற்சி நடக்கும். பொதுத்தேர்வில் இன்னொருவர் கையால்தான் விடையெழுத வேண்டும். அதனால் எங்கே பத்தி பிரிப்பது, எதை அடிக்கோடிடுவது என்று சொல்லவும் அவர்கள் பழக வேண்டும். விடை தப்பென்று தெரிந்தாலும் எழுதுகிறவர் முகம் மாறலாம், குரல் மாறக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். இன்னொருவருடைய சிந்தனைக்குக் குறுக்கே போகாமல் அதன் கூடவே நடக்க அங்கேதான் பழகினேன்.

இன்று கைப்பேசியே எதையும் வாசித்துக் காட்டுகிறது. நள்ளிரவிலும் யாரையும் எதிர்பாராமல் ஒரு பிள்ளை தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்காக அவர்கள் காத்திருந்த காலம் போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டு, புரியாத இடத்தில் என்னை நிறுத்திக் கேட்ட அந்தக் காதுகள் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை. நானும் எதையும் அவ்வளவு கவனமாக வாசிக்கவில்லை.

விவரிப்பு எழுதிச் சேர்க்காத படம் வந்தால் கருவி பல நேரம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அங்கே நின்று விளக்க இன்னமும் ஓர் ஆள் தேவைப்படுகிறார். கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளி இருந்தால் போய்க் கேளுங்கள். எனக்கும் அந்த வேலை மறுபடி வேண்டும்.