ஆண்டிமடத்துக் கடையில் ஒரு கண்

கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவார்கள், கும்பகோணம் போவார்கள். நான் ஆண்டிமடம் போனேன். "அங்கே என்ன கிடைக்கும்?" என்று என் கணவரே கேட்டார். சித்தி மகள் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள். தங்கை கடை இருக்க வேறெங்கோ போய் எடுத்துவிட்டு, அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்த 2026 தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம் புறப்பட்டேன். விருத்தாசலத்தில் ரயிலை விட்டிறங்கி ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால், கொஞ்ச தூரத்தில் முந்திரித் தோப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. செம்மண், அதன்மேல் குடை கவிழ்த்தாற்போல் தாழ்ந்த மரங்கள். தையும் மாசியும் முந்திரி பூக்கும் காலம். காற்றில் லேசான தித்திப்பு வாசனை. நாம் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடும் அந்தப் பருப்புக்குப் பின்னால் இந்தப் பக்கத்துப் பெண்களின் கைகள் இருக்கின்றன. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் பொத்துப் போகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் தன் விரல்களைக் காட்டினாள். நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தன.

ஆண்டிமடம் பெரிய ஊர் அல்ல. ஆனால் அதன் விலாசம் மாறியதைப்போல் வேறு ஊருக்கு மாறியிருக்குமா என்பது சந்தேகம். 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2001-ல் அரியலூர் என்று பிரித்து, மறு வருஷமே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரிலிருந்து திரும்பவும் அரியலூர். "ஊரு நவுரவே இல்ல, கவர்ல எழுதறதுதான் மாறிக்கிட்டே இருந்துச்சு" என்று தங்கை வீட்டுக்காரர் சிரிப்பார்.

கடைவீதியில் அவர்கள் கடை நடுத்தரம். முன்பக்கம் கல்லா, இரண்டு பக்கமும் அலமாரி, நடுவே பாய் விரித்த மேடை, பின்னால் திரைச்சீலை போட்டு மறைத்த ஒரு மூலை. இலையூர், வாரியங்காவல் என்று நெசவு செய்யும் ஊர்கள் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே இருப்பதால் நல்ல கைத்தறிச் சேலைகளும் இருந்தன. நான் நாலு சேலையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மேலே அண்ணாந்தேன். கூரை மூலையில் வெள்ளை உருண்டை ஒன்று, நடுவில் கறுப்பு முழி. எண்ணிப் பார்த்தேன், நான்கு.

"என்னடி இது, திருஷ்டிப் பொம்மைக்குப் பதிலா?"

"சும்மா இருக்கா! பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தாள்.

2024 தீபாவளிக் கூட்டத்தில் மூன்று பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்களாம். அதைக் காட்டு, இதைக் காட்டு என்று மேடை நிறையச் சேலையை இறக்க வைத்து, குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் குழந்தையைப் பார்க்க, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள். ராத்திரி கணக்குப் பார்த்தால் பதினோரு சேலை இல்லை. அதற்குப் பிறகு கேமராவும், அது பிடிப்பதைச் சேர்த்து வைக்கும் பெட்டியும் வாங்கி வைத்தார்கள். 2025 ஆடியில் ஒரு நாள் ராத்திரி பூட்டை உடைத்தவர்கள், துணியோடு அந்தப் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்! திருடனைப் பிடிக்க வைத்த சாட்சியைத் திருடனே தூக்கிப் போனான். போலீஸ்காரர் வந்து, "பெட்டி எங்கேம்மா?" என்று கேட்டபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம்.

அதனால்தான் இப்போது 'கிளவுட்' கேமரா. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் எடுக்கும் படம் இன்டர்நெட் வழியாக எங்கோ தொலைவிலுள்ள பெரிய கம்ப்யூட்டர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடையிலுள்ளதை அடித்து நொறுக்கினாலும், அதுவரை போய்ச் சேர்ந்த படம் அங்கே பத்திரமாக இருக்கும். எந்த ஊரிலிருந்தும் கைபேசியில் திறந்து பார்க்கலாம். இந்த வசதிக்கு மாதச் சந்தா உண்டு. ஆனால் லைன் இல்லாவிட்டால் ஒன்றும் போகாது. கேமராவோடு இன்டர்நெட் பெட்டிக்கும் பேட்டரி வைக்க வேண்டும் என்பது ஒரு மழை ராத்திரி கரண்ட் போன பிறகுதான் இவர்களுக்கு உறைத்தது. நான்கு கேமராவும் நாள் முழுதும் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு எண்பது ஜி.பி.க்கு மேல் போய்விடலாம். சின்ன ஊர் லைன் தாங்குமா? ஆகவே ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் அனுப்பும்படியும், மற்றது கேமராவுக்குள் இருக்கும் சின்ன அட்டையில் பதியும்படியும் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான்.

கேமரா இருந்தால் திருட்டே போகாது என்றும் நினைக்க வேண்டாம். திருச்சியில் 2019 அக்டோபரில் பெரிய நகைக்கடைச் சுவரில் துளை போட்டு நுழைந்தவர்களைக் கேமரா அழகாகப் படம் எடுத்தது. முகத்தில் மிருகப் பொம்மை முகமூடி! திருவாரூரில் வாகனச் சோதனையில் நின்ற காவலர்கள் கையில் ஒருவன் சிக்கிய பிறகுதான் துப்பு துலங்கியது. சென்னைக் காவல்துறை 2017-லிருந்து தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லி அதற்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தது. மூன்றாவது கண் திறந்தால் போதாது, முதல் இரண்டும் விழித்திருக்க வேண்டும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சேலை எடுத்துக் காட்டிய பெண் மேடை ஓரமாக லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபது வயது இருக்கும். காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றவள். உட்கார்ந்தாளோ இல்லையோ, கல்லாவில் கைபேசி அலறியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கை மகன்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் உக்காந்திருக்கு? கஸ்டமர் நிக்கிறாங்கள்ல?"

அந்தக் கஸ்டமர் நான்தான்! அந்தப் பெண் விருட்டென்று எழுந்துவிட்டாள். முகம் சுண்டிவிட்டது. கைபேசியை வாங்கி, "தம்பி, பெரியம்மா பேசறேன்டா, நான்தாண்டா அந்தக் கஸ்டமர்" என்றேன். அசடு வழியச் சிரித்தான். கெட்ட பையன் இல்லை. தன் சம்பாத்தியத்தைப் போட்ட கடை என்ற கவலை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. வேலை விட்டு அறைக்கு வந்ததும் கடையைத் திறந்து பார்த்துக்கொண்டே படுத்திருப்பானாம்.

மத்தியானம் சாப்பிடும்போது அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணியே கொறச்சிக்கிட்டேம்மா. அடிக்கடி பின்னாடி போனா போன் வருது. சாயங்காலம் காலு ரெண்டும் வீங்கிக்குது. ரெண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நாள் முழுதும் நிற்கிற பெண்களுக்கு நரம்புச் சுருட்டும் கால் வீக்கமும் வருவது நமக்குத் தெரியாததா? சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர்ப்பாதையில் கிருமி தங்க இடம் கொடுப்பது. ஜவுளிக்கடைச் சிப்பந்திகளின் கஷ்டத்தை 2010-ல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018-ல் அங்கே சட்டமே வந்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தங்கையிடம் சொன்னேன். "அப்பிடியா? எனக்குத் தெரியவே தெரியாதேக்கா" என்றாள். பொய் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைக் குழந்தையோடு ஓர் இளம் தாய் வந்தாள். குழந்தை அழவே, தங்கை அன்பாக, "பின்னாடி திரைக்குள்ள போயி பால் குடும்மா" என்று அனுப்பினாள். சேலை கட்டிப் பார்ப்பவர்களும், ரவிக்கை அளவு பார்ப்பவர்களும் அங்கேதான் போவார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. அவள் போனபின் நான் அந்தத் திரைக்குள் நின்றுகொண்டு, "உன் போனில் நான் தெரிகிறேனா பார்" என்றேன்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயோ அக்கா..." என்றாள்.

கேமரா கூரையில் இருக்கிறது, திரையோ ஆள் உயரம். இடுப்புக்கு மேல் முழுசாகத் தெரிந்தேன். பொருத்தியவர் அலமாரியைக் குறி வைத்துத்தான் பொருத்தியிருக்கிறார். ஆறு மாதமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. "இதையெல்லாம் யார் யார் பார்க்கலாம்?" என்று கேட்டேன். அவள், அவள் வீட்டுக்காரர், மகன், மகனுக்குச் சொல்லிக்கொடுத்த அறைத் தோழர், பொருத்திவிட்டுப் போன ஆள். ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் ஒன்று முதல் எட்டு வரை!

2015 ஏப்ரலில் கோவாவில் ஒரு துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கப் போன மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானியே, அறைப் பக்கம் திரும்பியிருந்த கேமராவைக் கண்டு புகார் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் படங்கள் வெளியே போய், காசுக்கு விற்கப்பட்டதாகப் போலீஸ் வழக்குப் போட்டது. அமெரிக்காவில் 2021 மார்ச்சில் ஒரு கிளவுட் கேமரா கம்பெனியின் பாஸ்வேர்டு ஒன்று வெளியானதில், சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்கள் அந்நியர் கண்ணுக்குத் திறந்து கிடந்தன. பெண் அந்தரங்கமாக இருக்கும்போது அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதோ படம் எடுப்பதோ பாரதிய நியாய சம்ஹிதாவின் 77-வது பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. தங்கை வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் படம் வெளியே போயிருந்தால் அந்த இளம் தாயிடம் போய், 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்ல முடியுமா?

அன்றைக்கே ஜெயங்கொண்டத்திலிருந்து அந்த ஆளை வரவழைத்தோம். ஏணி போட்டு அந்தக் கேமராவை வாசல் பக்கம் திருப்பினார். நான் திரைக்குள் நின்று, குனிந்து, நிமிர்ந்து, கையைத் தூக்கி, போனில் ஒரு விரல்கூடத் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் ஏணியை எடுக்க விட்டேன். பாஸ்வேர்டை மாற்றி, கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி இரட்டைப் பூட்டாகச் செய்தார். தோழருக்கும் தமக்கும் இருந்த அனுமதியை அவரே நீக்கிக் காட்டினார். பழைய படங்களை அழித்தோம். 'இங்கே கேமரா இருக்கிறது' என்று தமிழில் ஒரு அட்டை எழுதி வாசலில் மாட்டினோம். திரை இருந்த இடத்தில் கூரை வரை பலகை அடித்து, உள்தாழ்ப்பாள் போட ஆசாரிக்கும் சொல்லியாயிற்று.

மகனிடம் பேசத்தான் நேரம் பிடித்தது. "நான் பாக்கறது திருட்டுக்குத்தானே பெரியம்மா" என்றான். "ராத்திரி கடை சாத்தின பிறகு விடிய விடியப் பாருப்பா. பகல்ல கல்லாவையும் வாசலையும் பாரு. பொண்ணு எத்தனை தரம் எழுந்து போறான்னு எண்ணறதுக்கா நீ கடல் தாண்டிப் போனே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி பெரியம்மா, அம்மாவையே பாத்துக்கச் சொல்லுங்க" என்றான். மனசார ஒப்புக்கொண்டானா, எனக்குப் பயந்து சொன்னானா, தெரியாது.

மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் கடைக்குப் போனேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட கைத்தறிப் பட்டு ஒன்று, வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க நாலு நூல் சேலை. மேடையின் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு முக்காலிகள் கிடந்தன. அந்தப் பெண் ஒன்றில் உட்கார்ந்து, மடியில் வைத்து என் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் தண்ணீர்ப் பாட்டில்.

கல்லாவில் கைபேசி அடித்தது. அவள் சட்டென்று எழுந்திருக்கப் போனாள்.

"நீ உக்காரு. பூ வியாபாரிதான்" என்றாள் தங்கை.