செம்மண் சாலை – 6: முன்பாரமும் பின்பாரமும்

டெர்பியை விட்டுக் கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே கிப் ரிவர் சாலைக்கான திருப்பம் வந்துவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே, குனுனுராவுக்கும் விண்டமுக்கும் இடையில் நெடுஞ்சாலையைத் தொடும்வரை ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் போட்ட சாலை இது. இரு முனைகளிலும் கொஞ்சம் தார் உண்டு. நடுவில் சரளை, செம்மண், ஆற்றுக் கற்கள். மழை பிடித்துவிட்டால் மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் வறண்ட மாதங்களில் கூடார ட்ரெய்லரைப் பின்னால் இழுத்துப் போகும் ஜீப் வகை வண்டிகளுக்கு இங்கே குறைவில்லை. சென்ற பகுதியில் இழுக்கும் வண்டியைப் பார்த்தோம். இந்தப் பகுதி இழுபடும் வண்டிக்கு.

ட்ரெய்லரை மாற்றியமைப்பது என்ற பேச்சை எடுத்தாலே விற்கிறவரும் சரி, வாங்குகிறவரும் சரி, எதைச் சேர்க்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். இன்னொரு தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் இரண்டு டீசல் கேன், பக்கவாட்டில் பந்தல், முன்னால் ஒரு பெட்டி, மேலே சைக்கிள் மாட்டும் சட்டம் என்று பட்டியல் வளரும். என் கட்சி வேறு. இந்தச் சாலைக்கு ஒரு ட்ரெய்லரைத் தயார்செய்வதில் முக்கால்வாசி வேலை இறக்குவதும் இடம் மாற்றுவதும்தான். சேர்க்க வேண்டியவையும் உண்டு, ஆனால் அவை கொஞ்சம். இது சிக்கனம் பற்றிய உபதேசம் அல்ல, சாலை என்ன செய்கிறது என்பதிலிருந்து வரும் கணக்கு.

கிப் ரிவர் சாலையின் பெரிய எதிரி பள்ளமோ பாறையோ அல்ல. கூரைத் தகரம் போல வரிவரியாக நெளிந்து கிடக்கும் மேற்பரப்புதான். மண் சாலையில் இந்த நெளிவு ஏன் விழுகிறது என்பதை ஸ்டீபன் மாரிஸ், நிக்கோலா டாபர்லே, ஜிம் மெக்எல்வேய்ன் மூவரும் சுழலும் மணல் மேடை ஒன்றின் மீது சக்கரத்தை உருட்டிச் சோதித்து, 2007இல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெளிவு விழுந்தது. சக்கரத்துக்குப் பதிலாகச் சாய்ந்த தகடு ஒன்றை இழுத்தாலும் விழுந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் மட்டுமே விழவில்லை. அந்த வேகமோ, எந்த ஓட்டுநரும் பொறுமையாகப் போகமாட்டார் என்னும் அளவுக்குக் குறைவு. ஆகவே வண்டிகள் ஓடும்வரை நெளிவு இருக்கும். சாலையைச் சீர்செய்யும் இயந்திரம் வந்து போன சில நாட்களுக்குச் சுகம், பிறகு பழைய கதைதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 22 அடி வாங்குகிறது. 300 கிலோமீட்டருக்கு மட்டும் நெளிவு என்று தாராளமாகக் குறைத்துச் சொன்னாலும் 4 லட்சம் அடி. உலோகம் ஒரே பெரிய அடியில் உடைவதைவிட, இப்படிச் சின்னச் சின்ன அடிகளில் களைத்து விரிசல் விடுவதுதான் அதிகம். பற்றவைத்த இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் விதி இங்கே உதவும்: ஒவ்வொரு அடியிலும் ஏறி இறங்கும் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த இணைப்பின் ஆயுள் இரண்டு மடங்கு அல்ல, சுமார் எட்டு மடங்கு கூடும். அழுத்தம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். நான் கழித்தல் கட்சியில் சேர்ந்ததற்கு இந்த ஒரு விதியே போதும். நூறு கிலோவைச் சுமப்பதற்காகச் சட்டத்தைத் தடிப்பாக்கலாம், அல்லது நூறு கிலோவை இறக்கலாம். தடிப்பாக்கினால் அந்த இரும்பும் எடைதான்.

இதில் இன்னொரு சங்கடம், ட்ரெய்லருக்குள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. காரில் போகிறவருக்கு இருக்கை சொல்லிவிடும், முதுகு சொல்லிவிடும். பின்னால் வருவது படும் பாடு அவருக்குத் தெரியாது. சாயங்காலம் இறங்கிக் கதவைத் திறக்கும்போதுதான் தக்காளி டப்பாவின் காகிதம் உரசி உரிந்து, டப்பாவின் பக்கம் தேய்ந்து பளபளப்பது தெரியும். டப்பாவுக்கு அந்த கதி என்றால் ஏர்க்காலுக்கு என்ன கதி?

ஏர்க்கால் என்று நான் சொல்வது, ட்ரெய்லரின் உடலிலிருந்து இரு பக்கமும் கிளம்பி முன்னால் கூம்பி, கொக்கியில் முடியும் இரும்புச் சட்டத்தை. கொஞ்சம் குனிந்து பார்த்தால் புரியும்: முழு ட்ரெய்லரும் அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது, அது உடலின் முதல் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில்தான் வளைவு விசை உச்சத்தில் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றித்தான் ஆட்கள் எல்லாவற்றையும் மாட்டுகிறார்கள். கேஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி, விறகு, சில சமயம் குளிர்பெட்டியே. எடையைக்கூட மன்னிக்கலாம். அதை மாட்டும் விதத்தை மன்னிக்க முடியாது. பெட்டிக்குக் கால் வைக்கச் சட்டத்தின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு வெல்டிங், கேன் தாங்கிக்கு இன்னொன்று. சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் இழுவிசையையும் அமுக்கத்தையும் தாங்குபவை. அங்கே குறுக்காகப் பற்றவைப்பது, கிழிய வேண்டிய இடத்தில் நாமே கோடு போட்டுக் கொடுப்பது போல. துளைதான் போட வேண்டும் என்றால் சட்டத்தின் பக்கவாட்டில், உயரத்தின் நடுமையத்தில் போட வேண்டும். அங்கே வளைவு அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. அதைவிட நல்லது, துளையும் வெல்டிங்கும் இல்லாமல் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி. ஏற்கெனவே வெல்டிங் போட்டுவிட்டவர் கிளம்பும் முன் அந்த முனைகளில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கட்டும். மயிரிழை போல ஒரு துருக்கோடு ஓடினால் அது பெயின்ட் வெடிப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது இடம். இரட்டைச் சக்கர மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அச்சுக்கு முன்னே ஒரு பிடி கூடுதலாக வைத்துப் பாரம் ஏற்றுவதுதான் கை வந்தவர் செய்வது. ஆஸ்திரேலியாவில் இதே விதியைப் பத்தில் ஒரு பங்கு என்று சொல்கிறார்கள்: ட்ரெய்லர் 1500 கிலோ என்றால் கொக்கியில் இறங்கும் எடை 150 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். இப்போது 30 கிலோ ஸ்டெப்னி ஒன்றைப் பின்பக்கம், அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கொக்கி அச்சுக்கு மூன்று மீட்டர் முன்னே இருந்தால், கொக்கியின் மேல் எடை 20 கிலோ குறைகிறது. மொத்த எடை கூடியிருக்கிறது, பிடிமானமோ குறைந்துவிட்டது. இது பாதிக் கதைதான். ஒரு பொருள் ட்ரெய்லரைப் பக்கவாட்டில் ஆட்டும் வலு, அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அச்சிலிருந்து அரை மீட்டரில் இருந்த டீசல் கேனை இரண்டரை மீட்டர் பின்னே கொண்டுபோய்த் தொங்கவிட்டால் அந்த வலு 25 மடங்கு. அதே கேன், அதே இருபது லிட்டர்!

தண்ணீரில் இந்த இடக் கணக்கு இன்னும் நுட்பமானது, ஏனென்றால் தண்ணீர் தினமும் குறைகிறது. நூறு லிட்டர் தொட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் பொருத்தினால், நிறைந்திருக்கும்போது கொக்கியில் 33 கிலோ கூட்டும். காலியாகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விடும். புறப்படும் நாளில் எடைமேடையில் சரியாக இருந்த ட்ரெய்லர், ஐந்தாம் நாள் வேறு ட்ரெய்லர். தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தாழ்வாக நகர்த்தினால் நிறைந்தாலும் வறண்டாலும் கொக்கிக்கு ஒன்றே. தொட்டியைக் கழற்றி அரை நாள் வேலை செய்து கிடைக்கும் இந்தப் பயன், எந்தக் கடையில் வாங்கும் உபகரணத்திலும் கிடைக்காது.

“இவ்வளவு கவலை எதற்கு, கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டால் போயிற்று” என்பார்கள். இரண்டு பதில்கள். முதலாவது அரசின் விதி. ட்ரெய்லரின் உச்ச எடை அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றியதால் அந்த எண் மாறிவிடாது. அதே எண்ணை வைத்துத்தான் பிரேக் விதியும்: ஆஸ்திரேலியாவில் 750 கிலோவரை பிரேக் இல்லாமல் போகலாம், அதற்கு மேல் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், கொக்கி அறுந்தால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். இரண்டாவது பதில் சாலையிலிருந்து வருவது. முழுப் பாரத்துக்காகப் போட்ட விறைப்பான ஸ்பிரிங், தண்ணீரும் சாமானும் குறையக் குறைய அசைவதையே நிறுத்திவிடும். அப்போது நெளிவின் அடி நேராகச் சட்டத்துக்கு ஏறும். ஷாக் அப்சார்பரைக் கூட்டலாமே என்றால், அது அதிர்வை விழுங்கிச் சூடாக மாற்றும் கருவி. மணிக்கணக்கில் நெளிவில் ஓடினால் உள்ளே எண்ணெய் சுட்டு, விழுங்கும் திறனே குறைந்துவிடும். காசு செலவில்லாத ஸ்பிரிங் ஒன்று ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது, டயர். தாரில் 36 பிஎஸ்ஐ வைத்திருந்தவர் சரளையில் 25க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தால் அடியின் முதல் கூர்மை ரப்பரிலேயே அடங்கிவிடும். காரின் டயரில் காற்றை இறக்கிவிட்டு ட்ரெய்லரை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று இருக்கிறது: ஆளில்லாத நாட்டில் போகிறோம், குறைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டால்? இதை நான் லேசாகத் தள்ளவில்லை. டெர்பியிலிருந்து போனால் எரிபொருள் கிடைக்கும் இடங்கள் குறைவு, மவுன்ட் பார்னெட் ரோடுஹவுஸே 300 கிலோமீட்டருக்கும் மேல். குடிநீரில் கை வைக்கவே கூடாது. ஆனால் உதிரிகள் விஷயத்தில் குறைப்பதும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன. ட்ரெய்லரின் ஹப்பை மாற்றி, காரின் சக்கரமே அதற்கும் மாட்டும்படி செய்தால், காருக்கு இரண்டு, ட்ரெய்லருக்கு ஒன்று என்று மூன்று ஸ்டெப்னி தூக்கிப் போக வேண்டியதில்லை. இரண்டே போதும், எது எங்கே வெடித்தாலும் உதவும். இரு வண்டிகளின் சக்கர அகலமும் ஒன்றானால் மணலில் ட்ரெய்லர் புதுத்தடம் வெட்டாமல் கார் போட்ட தடத்திலேயே வரும். பழைய நூறு ஆம்பியர்-மணி பேட்டரி முப்பது கிலோ, அதில் பாதியைத்தான் பழுதில்லாமல் பயன்படுத்த முடியும். அதே அளவு லித்தியம் பன்னிரண்டு கிலோவை ஒட்டி, ஏறத்தாழ முழுவதும் பயன்படும். மேலும் கீழும் பக்கத்திலும் திரும்பும் கொக்கி, ஏர்க்காலின் குறுக்கே கல்லை மடக்கிப் பிடிக்கும் வலை, ஒரு செட் பேரிங், ஒரு டப்பா கிரீஸ். இவை நான் மறுக்காத சேர்ப்புகள். வலை வேண்டியதன் காரணம் வேடிக்கையானது: காரின் பின்சக்கரம் எற்றும் கல் ட்ரெய்லரின் முன்தகட்டில் மோதி, திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியையே உடைக்கும்.

அப்படியானால் ட்ரெய்லரே எதற்கு என்று கேட்கலாம். கழித்தல் கட்சிக்காரனை மடக்க இதுதான் சரியான கேள்வி. சில இடங்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் பதிலும். சிம்ப்சன் பாலைவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் மேடுகளுக்கும், 1850 கிலோமீட்டர் கேனிங் ஸ்டாக் ரூட்டுக்கும் ட்ரெய்லர் கொண்டுவராதீர்கள் என்றே பயணிகளுக்கு அறிவுரை. கிம்பர்லி வேறு மாதிரி. இங்கே ஒரு இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குப் போய் வருவதுதான் பயணம். ட்ரெய்லரின் பெரிய வசதியே அதைக் கழற்றி வைக்கலாம் என்பது. அதே கூடாரத்தையும் சமையல் சாமானையும் காரின் கூரையில் ஏற்றினால் ஒவ்வொரு கிளைப்பாதைக்கும் அவற்றைத் தலையில் சுமந்து போக வேண்டும். களும்புரு சாலையில் வடக்கே போய் மிட்செல் அருவியைப் பார்க்கிறவர்கள் பலர் ட்ரிஸ்டேல் ரிவர் பண்ணையில் ட்ரெய்லரை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதற்கு மேல் அந்தப் பாதை அப்படி. கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலையாக இருக்கும்படி ட்ரெய்லரை அமைப்பது, அதில் இன்னொரு அலமாரி பொருத்துவதைவிட எவ்வளவோ மேல்.

அங்கிருந்து திரும்பிக் கிழக்கே இறங்கினால் காக்பர்ன் மலைத்தொடர் சிவந்து எதிரே நிற்க, அதன் அடியில் பென்டகோஸ்ட் ஆறு. பாலம் கிடையாது, கல் பாவிய அகன்ற படுகை. மற்ற ஆறுகளில் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்க்கச் சொல்வார்கள். இங்கே உப்புநீர் முதலைகள் இருப்பதால் அதுவும் கூடாது. கரைக்கு வந்து சேரும்போது நெளிவிலும் இறக்கத்திலும் ஓடிய ஹப் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் சீல் வழியாக ஆற்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறமாகும், சில நூறு கிலோமீட்டரில் பேரிங் போய்விடும். புறங்கையை ஹப்பின் மேல் வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகலாம். ஆற்றைக் கடப்பது அடுத்த பகுதியில்.