ஒரு ஜீப் கற்றுத் தந்த கணக்கு

சின்ன காஞ்சிபுரத்தில் 'வாகனம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது, வைகாசி மாதத்தில் வரதராசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் கருடசேவைதான். ஆனால் 2021-ஆம் ஆண்டிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில், தறிக்கூடத்தின் சன்னலை மறைத்துக்கொண்டு நின்ற பழைய மகிந்திரா ஜீப்பைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள்.

பட்டு நெசவையே நம்பி வாழும் குடும்பத்துக்கு ஜீப் எதற்கு என்று வாசகர்கள் வியப்படையலாம். சவ்வாது மலையின் சிற்றூர்களுக்கு மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு சென்றுவரும் அருட்சகோதரிகள் இருவரை நாங்கள் அறிவோம். சமுனாமரத்தூரைத் தாண்டித் தார்ச்சாலை முடியும் இடத்தில் வாடகை வண்டிகள் நின்றுவிடும். அதற்கு அப்பால் சாமை வயல்களுக்கும் புளியமரங்களுக்கும் நடுவே செல்லும் மண்பாதையில் அச்சகோதரிகள் பெட்டியைச் சுமந்துகொண்டு நடப்பார்கள். எங்கள் மூத்த மகன் ஒருநாள் அவர்களுக்குத் துணையாகச் சென்று வந்தான். வந்த அன்றிரவே, "நாம் ஒரு ஜீப் வாங்கினால் என்ன?" என்று கேட்டான். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இறைவனுக்கு உகந்த எண்ணம் என்றே கருதினோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காகப் பிறந்தது ஜீப். வில்லிஸ் என்ற அந்த வண்டியை 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. சேற்றிலும் கல்லிலும் போவதற்கென்றே உருவானது அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும், எளிய அமைப்பு, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். நாங்கள் வாங்கியது பல கை மாறிய வண்டியாதலால் விலை குறைவு. ஆகவே, மலைக்கு ஏற்றபடி அதைத் திருத்தி அமைக்க ஓர் இலட்ச ரூபாயைத் தனியே எடுத்து வைத்தோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியின் பொருளை நாங்கள் உணரத் தொடங்கியது அப்போதுதான்.

அந்த இலட்சத்தை எப்படிச் செலவழித்தோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். முன்புறத்தில் பொருத்திய இரும்புக் காப்புக் கம்பிக்கு 22,000 ரூபாய். சேற்றில் சிக்கினால் கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் மின்பொறிக்கு 30,000. கூடுதல் விளக்குகளுக்கு 8,000. வண்ணம் பூச 15,000. இருக்கைகளுக்கு 10,000. எஞ்சியது 15,000 ரூபாய். அதில் ஐந்து டயர்களைப் பழைய சரக்காகவே வாங்கினோம். அவற்றின் பள்ளங்கள் ஆழமாகவும் கறுப்பு பளபளப்பாகவும் இருந்தன. பிரேக்கைப் பற்றிக் கேட்டபோது, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். அடுத்த மாதமும் அதையே சொன்னோம்.

பழியை மகன்மேல் போடுவது எளிது. இளைஞன், ஆடம்பரத்தில் மயங்கிவிட்டான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையன்று. அந்த வண்டி தேரடிப் பக்கமாகத் திரும்பும்போது கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தது எங்களுக்கும் இனித்தது. 'ஞாயிறு திருப்பலிக்கு அதில் போய் இறங்கவேண்டும்' என்று முதலில் சொன்னது எங்களில் ஒருவர்தான், மகனல்ல.

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மலையில் விட்டுவிட்டு மழை. ஓர் ஊரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கடுங்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தான். அவனையும் அவன் தாயையும் ஏற்றிக்கொண்டு கீழே மருத்துவமனைக்கு விரைந்தோம். மகன் ஓட்டினான். சகோதரிகள் இருவரும் நாங்கள் இருவரும் உடனிருந்தோம். இறக்கத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்ட நிலையில் ஒரு வளைவில் பின்புறத்து இடது டயர் வெடித்தது. வண்டி பள்ளத்தை நோக்கி இழுத்தது. மகன் பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, சக்கரத்தை முழுப் பலத்தோடு திருப்பி, மலைப்பக்கத்து மண்சுவரில் மோதி நிறுத்தினான்.

22,000 ரூபாய்க் காப்புக் கம்பியில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் மூத்த சகோதரியின் வலக்கை முறிந்திருந்தது.

பின்னால் வந்த அரசுப் பேருந்து சிறுவனையும் தாயையும் ஏற்றிச் சென்றது. அவன் பிழைத்தான், இறைவனுக்கு நன்றி. கையில் கட்டோடு படுத்திருந்த சகோதரியைப் பார்க்கச் சென்றபோது, எங்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளாமல், "பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டானா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை சொல்லிய பிறகு வேறு பேச எங்களுக்கு நா எழவில்லை.

வண்டியைக் காஞ்சிக்குக் கொண்டுவந்து, முதிய பட்டறைக்காரர் ஒருவரிடம் விட்டோம். அவர் வெடித்த டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, அங்கே அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2209. 2009-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று அதற்குப் பொருளாம். பள்ளம் ஆழமாக இருந்தும், ரப்பர் பதின்மூன்று ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே வறண்டு வெடித்திருந்தது. பிரேக்கையும் அவிழ்த்துக் காட்டினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் அமுங்காது, ஆவியோ அமுங்கிவிடும். ஆகவேதான் மிதி தரைவரை போயிற்று. மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும் என்றார்.

அன்றிரவு எங்கள் வீட்டுப் பெரியவர் கணக்கு நோட்டைக் கேட்டார். எங்களில் ஒருவருக்குத் தகப்பனாரும் மற்றவருக்கு மாமனாருமான அவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். சிறுவனாக இருந்தபோது கரை நாடாவைத் தள்ளும் உதவியாளாகத் தொடங்கியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பேரனை அருகில் அழைத்து உட்கார வைத்தார்.

"தம்பி, காஞ்சிப் பட்டுக்கு ஏன் இத்தனை விலை? கரையில் உள்ள சரிகைக்காக என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். சரிகைக்கும் விலை உண்டுதான். ஆனால் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் ஓடி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்தக் கோர்வையில் பிசகினால், எவ்வளவு சரிகை போட்டாலும் சேலை அந்த இடத்தில் பிரிந்துவிடும். பாவு நூலில் முறுக்குக் குறைந்தாலும் அப்படித்தான். கரை கண்ணுக்கு, பாவு காலத்துக்கு. பணம் குறைவாக இருந்தால் கரையைச் சிறிதாக்கு. பாவில் கை வைக்காதே. நீங்கள் பாவில் கை வைத்துவிட்டுக் கரையைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள்."

'நீங்கள்' என்று அவர் பன்மையில் சொன்னது எங்களையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஞாயிறன்று கோயிலில் அமர்ந்திருந்தபோது, கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கற்பித்தது எங்கள் நினைவில் ஓடியது. நாங்கள் கணக்கிடாமல் இருந்தோமா? இல்லை, பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியிருந்தோம். எதற்காகக் கட்டுகிறோம் என்பதைத்தான் கணக்கில் சேர்க்க மறந்தோம். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நெசவாளர்களாகிய எங்களுக்கு அது புரியாமல் போனதே என்று வெட்கப்பட்டோம்.

மின்பொறியையும் காப்புக் கம்பியையும் விற்றோம். 52,000 ரூபாய்ப் பொருளுக்கு 24,000 தான் கிடைத்தது. புதிய டயர்கள் ஐந்துக்கு 30,000, பிரேக் முழுவதையும் புதுப்பிக்க 14,000, திருப்பு மூட்டுகளுக்கு 9,000, எடையைத் தாங்கும் கமான் பட்டைகளுக்கு 12,000, இருக்கை வார்களுக்கு 5,000 என்று 70,000 ரூபாய் ஆயிற்று. குறைந்த 46,000 ரூபாய்க்கு எங்கள் வீட்டு வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

இம்முறை மகன் பெரிய டயர் போடலாமா என்று கேட்டான். பட்டறைக்காரர் தடுத்தார். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால், வேகமானி 40 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 44-க்கு மேல் ஓடும். இயந்திரம் திணறும், பழைய பிரேக்குக்குச் சுமை கூடும். டயர் உரசாதிருக்க வண்டியை உயர்த்தினால் சாய்வில் கவிழும் ஆபத்து மிகும். பிரேக் குழாய்களும் நீளம் போதாமல் இழுபடும். ஒன்றை மாற்றினால் அது நான்கைக் கேட்கும் என்றார்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்பதைப் பிறகே அறிந்தோம். இரும்புக் காப்புக் கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நடந்து செல்பவர் மேல் மோதினால் அக்கம்பி அவரைக் கொல்லும். மோதலின் அதிர்ச்சியையும் அது உள்ளிருப்பவருக்கே கடத்திவிடும். உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்துக் காலத்தில் இழப்பீடு பெறுவதற்கும் அத்தகைய மாற்றங்கள் தடையாகலாம்.

இத்தகைய வண்டியைத் திருத்த நினைக்கும் இளைஞர்களுக்கு எங்கள் அனுபவத்தை வரிசைப்படுத்திச் சொல்கிறோம். முதல் பணம், வண்டியை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் தாங்குவதற்கும் உரியது. பிரேக், டயர், திருப்பு மூட்டு, கமான் பட்டை, இருக்கை வார் ஆகியவற்றில் பழைய சரக்கு வேண்டாம். இரண்டாவது பணம் இயந்திரத்துக்கும் நான்கு சக்கர இழுவைக்கும். மூன்றாவது, சிக்கிக்கொண்டால் மீள்வதற்கு. அதற்குச் சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்த கொக்கியும் நல்ல வடமும் மண்வெட்டியும் பெரும்பாலும் போதும். அழகுக்குக் கடைசி இடம். இருக்கை உறையையும் வண்ணத்தையும் சொந்தக் கையாலேயே செய்துகொள்ளலாம். எங்கள் மகன் அப்படித்தான் செய்தான். மேலும், கையில் உள்ள பணம் முழுவதையும் முதல்நாளே செலவழிக்காமல் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவையுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அன்பு வாசகர்களே, வீடு கட்டுவதிலும் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்வதிலும் இதே தவறு நடக்கக் காண்கிறோம். பந்தலுக்கும் பட்டுக்கும் கடன் வாங்கிவிட்டு, மணமக்களின் குடித்தனத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத பெற்றோர் எத்தனை பேர்! சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் சமமாகக் குறைப்பதன்று. பிறருடைய உயிரும் வாழ்வும் எதன்மேல் நிற்கிறதோ அதைக் குறைக்காதிருப்பதற்காக, மற்றவற்றைக் குறைத்துக்கொள்வதே சிக்கனம்.

இப்போது எங்கள் ஜீப்பை எவரும் எழுந்து நின்று பார்ப்பதில்லை. மகன் கையாலேயே பூசிய சாம்பல் வண்ணத்தில் தூரிகைக் கோடுகள் தெரிகின்றன. வளையல்களை இன்னும் மீட்கவில்லை. மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு விடியற்காலையிலும் மகன் குனிந்து டயர்களைத் தடவிப் பார்க்கிறான். பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்க்கிறான். பிறகு சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறான். கை குணமான பிறகு முதன்முறையாக வந்த மூத்த சகோதரி, அவன் இவற்றையெல்லாம் செய்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றிருந்தார். பின்னர் மருந்துப் பெட்டியை எங்களிடம் நீட்டிவிட்டு, அதே வலக்கையால் கம்பியைப் பற்றி வண்டியில் ஏறி அமர்ந்தார்.