ஒட்டு வண்டி

‘பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி’ என்று விற்பனையாளர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று தமிழ் கற்பித்த எனக்கு அது தொண்டையில் சிக்குகிறது. ‘செருகி மின்னேற்றும் கலப்பின உயர்தள மகிழுந்து’ என்று பெயர்த்தால் பொருள் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த ஊரை எட்டிவிடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களிடம் இதற்கு ஈடான சொல் ஒன்று உண்டு. நாற்றங்காலில் விதையிலிருந்து முளைத்த இரப்பர்க் கன்றின் பட்டையைக் கீறி, நல்ல இனத்து மரத்தின் மொட்டை அதில் வைத்துக் கட்டுவார்கள். வேர் ஒரு மரத்தினுடையது. பால் தரும் தண்டு வேறொரு மரத்தினுடையது. ‘ஒட்டுக்கன்று’ என்றால் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் விளங்கும். ஆகவே இக்கட்டுரையில் இதனை ஒட்டு வண்டி என்றே அழைக்கிறேன். கலைச்சொல் அறிஞர்கள் பொறுத்தருள்க.

ஒரே வண்டிக்குள் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் குடித்தனம் நடத்துவது புதிய சிந்தனையன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டிலேயே அத்தகைய வண்டியொன்றை உருவாக்கிக் காட்டினார். பின்னர்ப் பெட்ரோல் மலிந்ததால் உலகம் அதை மறந்தது. 1997இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே ‘ஹைபிரிட்’ என்பது மக்கள் வாயில் புழங்கும் சொல்லாயிற்று. ஆனால் அந்தக் காரை மின்செருகியில் மாட்ட இயலாது; தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பெட்ரோலிலிருந்து உண்டாக்கிக்கொள்ளும். வீட்டுச் சுவரிலிருந்து மின்சாரம் பெற்றுக்கொள்ளும் வகையைச் சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2008இன் இறுதியில் விற்கத் தொடங்கியது. மிட்சுபிஷி நிறுவனம் 2013இல் அதே ஏற்பாட்டை அவுட்லேண்டர் என்னும் உயர்ந்த வண்டியில் அமைத்தது. என் வீட்டு முன்வாசலில் நிற்கும் வண்டி இவர்கள் எவருடையதும் அன்று. எனினும் அதே குலத்தைச் சேர்ந்தது.

இதனை நான் வாங்கியது ஆடம்பரத்திற்காக அன்று. என் துணைவியாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. நிலையம் கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட வேண்டும். அவருடைய முழங்கால், தாழ்ந்த காரில் குனிந்து ஏறி இறங்க இடந்தரவில்லை. இடுப்பளவு உயரத்தில் இருக்கை அமைந்த வண்டி என்றால் சாய்ந்தவாறே அமர்ந்துகொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பை மூழ்கடித்த வெள்ளத்தை எங்கள் வட்டாரத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று முதல், சாலையில் கணுக்காலளவு நீர் தேங்கினாலும் எங்கள் மனம் கலங்குகிறது. சிகிச்சை நாளைத் தள்ளிப்போட முடியாத வீட்டில், எப்பொழுதும் புறப்படக்கூடிய வண்டி ஒன்று நிற்க வேண்டும்.

அப்படியாயின் முழு மின்வண்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் உறவினர் பெரும்பாலோர் கெடாவில், சுங்கைப்பட்டாணியைச் சுற்றி இருக்கிறார்கள். போக மட்டும் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். தீபாவளிக்கு முதல்நாள் நெடுஞ்சாலை ஓய்விடத்தில், மின்னேற்றிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டு, நோயாளியைப் பின்னிருக்கையில் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. அதனால்தான் இரண்டு உயிர் கொண்ட வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தின் கீழே 18 யூனிட் மின்சாரம் கொள்ளும் மின்கலன் இருக்கிறது. அது நிறைந்திருக்கும்வரை மோட்டார் மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும், எஞ்சின் உறங்கும். மின்கலன் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் எஞ்சின் விழித்துக்கொள்ளும். அதன்பின் வண்டி சாதாரண ஹைபிரிட் போல ஓடும். விளம்பரத் தாளில் காணும் தொலைவு சோதனைக் கூடத்தில் அளந்தது. நம் நாட்டு வெயிலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டும் எனக்கு, மின்சாரத்தில் மட்டும் 75 கிலோமீட்டர் வரை கிடைக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போய்வர 28 கிலோமீட்டர். ஆக, இரண்டு முறை போய்வந்த பிறகு செருகியை மாட்டினால் போதும்.

வீட்டில் இருக்கும் மூன்று முள் செருகி மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரமே தரும். எனவே வண்டி நிறைய ஓர் இரவு முழுவதும் ஆகிறது. தோட்டத்து ஆலையின் மின்னாக்கி இரவு பத்து மணிக்கு நின்றதும், லயம் முழுவதும் இருண்டுபோகும் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன் நான். இன்று நான் உறங்குகிறேன், வண்டி மின்சாரம் உண்கிறது. எங்கள் வீடோ எண்பதுகளில் கட்டப்பட்ட தொடர்வீடு. பழைய கம்பியில் எட்டு மணி நேரம் இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் செருகி சூடேறும். தகுதிபெற்ற மின்பணியாளரை அழைத்துத் தனிக்கம்பி இழுத்த பின்னரே மின்னேற்றத் தொடங்கினேன். இந்தச் செலவை விற்பனையாளர்கள் எவரும் தாமாக எடுத்துரைப்பதில்லை.

ஓட்டும் இன்பத்தைப் பற்றிச் சில சொற்கள். விடியற்காலையில் ஒலியின்றிப் புறப்படுகிறது; அண்டை வீட்டுக் குழந்தை விழிப்பதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் வீணாகச் சுற்றுவதில்லை. சிகிச்சை முடிந்து சோர்ந்து வரும் துணைவியாருக்கு அந்த அமைதியே மருந்து போல இருக்கிறது. “அதிர்வே இல்லைங்க, கண்ணை மூடிக்கலாம்” என்றார் முதல் வாரத்தில். ஒருமுறை கேமரன் மலையிலிருந்து இறங்கினோம். தானா ராத்தாவில் நூற்றுக்கு 25 என்று காட்டிய மின்கலன், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் இறங்கித் தாப்பாவை அடைந்தபோது 38 என்று காட்டியது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடுகிறது. தடைக்கட்டையில் வெப்பமாய் வீணாக வேண்டிய ஆற்றல் மின்கலனுக்குத் திரும்புகிறது. அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடத்துணைக்கருவி கிடைக்குமா?

இனி, பணக் கணக்கு. இங்கேதான் பலர் மயங்குகிறார்கள்.

2025 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த பூடி95 திட்டத்தின்படி, குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் வந்த கட்டண முறையில், வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென். தள்ளுபடிகளையும் கூடுதல்களையும் இங்கே சேர்க்கவில்லை. இதே அளவுள்ள பெட்ரோல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால் 15.92 ரிங்கிட். என் வண்டி அதே தொலைவுக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 22 யூனிட் எடுக்கிறது, அது 9.68 ரிங்கிட். மிச்சம் ஆறு ரிங்கிட்டும் சில்லறையும்! ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடினால் மிச்சமாவது சுமார் 560 ரிங்கிட். நெடும்பயணத்தில் ஹைபிரிட்டாக ஓடுவதால் மேலும் 120 ரிங்கிட் மிஞ்சலாம். மொத்தம் 680. இதற்காக நான் கூடுதலாகக் கொடுத்த விலையோ முப்பதாயிரம் ரிங்கிட். வகுத்துப் பாருங்கள்: நாற்பத்து நான்கு ஆண்டுகள்! எனக்கு இப்பொழுது வயது அறுபத்தாறு. போட்ட பணம் திரும்பும் நாளில் எனக்கு வயது நூற்றுப்பத்து. உதவித்தொகையில்லாப் பெட்ரோல் விலையை வைத்துக் கணக்கிட்டாலும் காலம் குறையுமேயொழிய, வண்டியின் ஆயுளுக்குள் அடங்காது. பெட்ரோலை மலிவாக விற்கும் நாட்டில், சிக்கனத்திற்காக ஒட்டு வண்டி வாங்குகிறேன் என்பது பொருந்தாக் கூற்று. வாங்குவதற்கு முன்பே நானும் என் மகனும் சமையலறை மேசையில் அமர்ந்து போட்ட கணக்கு இது. அமைதிக்கும் உறுதிக்கும் விலை கொடுக்கிறோம் என்று அறிந்தே கொடுத்தோம்.

சுற்றுச்சூழலுக்கு நன்மை உண்டா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அன்று. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. என் வண்டியின் பின்புறத்தில் புகை இல்லை என்பது மெய். மஞ்சோங்கிலும் காப்பாரிலும் உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகளை நான் மறந்துவிட முடியாது.

இவ்வண்டியின் பெருங்குறை ஒன்று மனித இயல்பைச் சார்ந்தது. 2021இல் பதிவான ஐரோப்பியக் கார்களுக்குள்ளேயே அமைந்த எரிபொருள் அளவிகளின் பதிவுகளைத் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக் கூடக் கணக்கைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கூடுதலாகக் கரியமில வாயு வெளியிட்டன. ஒட்டு வண்டிகளோ கணக்கைப் போல மூன்றரை மடங்கு வெளியிட்டன! காரணம் பொறியில் இல்லை. உரியவர்கள் செருகியை மாட்டவில்லை. மாட்டாவிட்டாலும் வண்டி ஓடும் என்பதால் சோம்பல் வென்றுவிட்டது. முழு மின்வண்டி வைத்திருப்பவர் மின்னேற்றாமல் இருக்க முடியாது; ஒட்டு வண்டிக்காரரை எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டுப்பாடத்தைத் திருத்தாத ஆசிரியரிடம் படிக்கும் மாணவனை எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு உயிர் என்றால் இரண்டு நோயும் உண்டல்லவா? எஞ்சின் அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுதோறும் எண்ணெய் மாற்ற வேண்டும். தொட்டியில் பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் அதன் தரம் கெடும். அதனால் நான் பாதித் தொட்டிக்கு மேல் நிரப்புவதில்லை. மின்கலனின் எடையால் டயர் விரைவில் தேய்கிறது. மாற்று டயர் இருக்க வேண்டிய இடத்தில் பசைக் குப்பியும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான் உள்ளன. இருபது ஆண்டுகளாக என் வண்டிகளைப் பார்த்துவந்த மூலைக்கடைப் பட்டறை மெக்கானிக், செம்மஞ்சள் நிறத்து உயர் மின்னழுத்தக் கம்பிகளைக் கண்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இதை நான் தொடமாட்டேன் ஐயா, மன்னிச்சுக்குங்க” என்றார். அவர் சொன்னதும் நியாயமே. வெள்ளப் பாதிப்புக்கான காப்புறுதியைத் தனியே பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; விரிவான காப்புறுதி என்ற பெயரைக் கண்டு அது உள்ளே இருப்பதாக எண்ணிவிடலாகாது.

சென்ற ஆண்டு மின்னேற்றும் வாயிலின் பூட்டு பழுதாயிற்று. பட்டறையில் உதிரிப்பாகம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ‘அடுத்த வாரம்’ என்பதே பதில். ஐந்து வாரம் சென்றது. முழு மின்வண்டியாக இருந்திருந்தால் எங்கள் பாடு என்னவாகியிருக்கும்! அந்த ஐந்து வாரமும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, ஒரு சிகிச்சை நாளும் தவறாமல் போய்வந்தோம். குறையைக் காட்டிய நிகழ்ச்சியே, நான் எதற்காக முப்பதாயிரம் கொடுத்தேன் என்பதையும் காட்டிற்று.

என்னிடம் பயிற்சி ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். ஐந்தாம் மாடி அடுக்ககத்தில் குடியிருப்பவர், இரண்டு பிள்ளைகள், பள்ளி எட்டுக் கிலோமீட்டரில். வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, “நீங்கள் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா” என்றார். ஒன்பது ஆண்டுக் கடன். எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. “தம்பி, இரவில் வண்டியை எங்கே மாட்டுவீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். கீழ்த்தளத்தில் செருகி இல்லை. நிர்வாகக் குழுவினர் தீ விபத்துக்கு அஞ்சி அனுமதி தர மறுத்துள்ளனர். பேரங்காடியில் ஏற்றலாம் என்றார். அங்கே ஒரு யூனிட்டின் விலை வீட்டுக் கட்டணத்தைப் போல இருமடங்குக்குக் குறையாது; அந்த விலைக்குப் பெட்ரோலே மலிவு. ஏறத்தாழ இருநூறு கிலோ மின்கலனைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் வண்டிக்காக அவர் ஒன்பது ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடியது. பிள்ளைகள் அந்த வண்டியின் படத்தை வீட்டுக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம்.

தாளையும் பேனாவையும் எடுத்து என் கணக்கை அவருடைய எண்களைக் கொண்டு மீண்டும் போட்டோம். மின்சாரத்தில் ஓடும் தொலைவு என்ற இடத்தில் அவர் தாமே சுழியம் எழுதினார். இப்பொழுது தம் பழைய மைவி காரையே ஓட்டுகிறார். அடுக்ககத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கீழ்த்தளத்தில் மின்னேற்றி அமைக்கும் தீர்மானத்தை முன்மொழியப் போவதாகவும், அதற்கான கடிதத்தைத் திருத்தித் தரவேண்டும் என்றும் சென்ற வாரம் கேட்டிருந்தார். திருத்தி அனுப்பிவிட்டேன்.