கேட்கும், பேசாது

தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் வயர்லெஸ் செட் பழுதுபார்க்கும் ஒருவரிடம் நண்பர் என்னை அழைத்துப்போனார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கலக்கிய கடல் இது. அதுவரை டிவியும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர், ஒக்கிக்குப் பிறகு முழுநேரமும் வயர்லெஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

நாங்கள் போன நேரம் விசைப்படகுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "அண்ணே, மத்தவங்க பேசுறது நல்லா கேக்குது. நாங்க பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல. செட்டு போச்சு, புதுசு வாங்குன்னு விக்கிறவரு சொல்லுதாரு."

"கேக்குதுல்லா? அப்போ செட்டத் திறக்க வேண்டாம் மக்கா."

படகிலேயே வேலை தொடங்கியது. மைக் பொத்தானை அழுத்தச் சொல்லி, செட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்தார். கேட்பதற்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். 25 வாட்டில் பேச ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி வயரில் துரு இருந்தால் அந்த நேரத்தில்தான் அழுத்தம் படுத்துவிடும். இங்கே படுக்கவில்லை.

அடுத்து வாட்மீட்டர். அவர் தொழிலே அந்தச் சின்னப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடைப் பொருத்தினார். அனுப்பும் சக்தியைக் காற்றில் விடாமல் வெப்பமாக மாற்றி விழுங்குவது அது. 16-ஆம் சேனலில் மட்டும் சோதிக்க மாட்டார். 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்தச் சேனல், ஆபத்தில் கூப்பிடுகிறவர்களுக்கானது. வேறு சேனலில் அழுத்தியதும் முள் 25 வாட்டைத் தொட்டது. செட்டில் குறையே இல்லை.

ஆன்டெனாவை மீண்டும் மாட்டியதும், போகும் சக்தியில் பெரும்பங்கு திரும்பி வருவதாக மீட்டர் காட்டியது. ஆன்டெனா கேபிளின் முனையை அறுத்தார். உப்புநீர் ஏறி உள்ளே செம்புப் பின்னல் கறுத்திருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புதுப் பிளக்கில் ஈயம் வைத்து, நீர் புகாத டேப்பை இறுக்கிச் சுற்றினார். அப்படியே ஓட்டியிருந்தால் திரும்பி வரும் சக்தி, சமிக்ஞையை அனுப்பும் டிரான்சிஸ்டரையே எரித்திருக்கலாம். அப்படி எரிந்தவற்றை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்.

சில நூறு ரூபாய் வேலை. இதற்குத்தான் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது செட்டைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்தப் பணமும் மீன் ஏலத்தில் கழிக்கும் கடனாக ஏறியிருக்கும். கெட்ட கேபிளில் மாட்டிய புது செட்டும் பேசாது என்பதை விற்பவர் சொல்வதில்லை. கடலுக்குள் போகிறவரின் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம் இது. இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

5 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள இரு படகுகள், எல்லாம் சரியாக இருந்தாலும், ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வரைதான் பேச முடியும். அந்த எல்லைக்குள் இருக்கிற பக்கத்துப் படகுதான் முதல் உதவி. எனவே ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு வாட்மீட்டரும், அதைப் படிக்கத் தெரிந்த, சம்பளம் வாங்குகிற ஒரு தொழிலாளியும் வேண்டும். படகில் செட் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது போதாது. பொத்தானை அழுத்தினால் எத்தனை வாட் வெளியே போகிறது என்று பார்த்த பிறகே படகைக் கடலுக்கு அனுப்ப வேண்டும்.