விலாங்கும் பிழைச்செய்தியும்

தமிழ் படித்தவருக்குப் புள்ளியியல் மென்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் கல்லூரியின் விலங்கியல் ஆய்வு மாணவர் ஒருவர், திரையில் தோன்றும் ஆங்கிலப் பிழைச்செய்திகளுக்குப் பொருள் கேட்டு வந்தார். வாசிப்பதுதானே நம் தொழில் என்று உடன் அமர்ந்தோம்.

அவர் கையாண்ட முறைக்கு 'பூஸ்டட் ரெக்ரஷன் ட்ரீஸ்' என்று பெயர். ஜெரோம் ஃப்ரீட்மன் 2001இல் வெளியிட்ட கட்டுரை இதன் அடித்தளங்களுள் ஒன்று. ஒரே பெரிய மரத்தை நம்பாமல், சிறு மரங்களை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ப்பார்கள். முந்தையவை விளக்காமல் விட்ட எச்சத்தை அடுத்த மரம் விளக்க முயலும். மூலத்துக்கு உரை, உரைக்கு விளக்கம் என வளர்ந்த மரபில் வந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

சூழலியலாளர்களுக்கு இம்முறையின் வழிகாட்டியாக அமைந்தது ஜேன் எலித், ஜான் லெத்விக், டிரெவர் ஹேஸ்டி ஆகியோர் 2008இல் எழுதிய கட்டுரை. அதன் எடுத்துக்காட்டு, நியூசிலாந்து ஓடைகளில் வாழும் குட்டைத் துடுப்பு விலாங்கு. கணிப்புக்கு உதவும் 'ஆர்' மென்பொருள் பிறந்ததும் அதே நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில்தான்.

பயிற்சிக்காக அந்த விலாங்குத் தரவைக் கோப்பிலிருந்து வாசித்ததும் முதல் தடை வந்தது. மீன்பிடி முறையைக் குறிக்கும் பத்தி எண்ணும் அல்ல, வகையும் அல்ல என்றது செய்தி. மின்பாய்ச்சல், வலை, பொறி என்ற சொற்கள் அப்பத்தியில் இருந்தன. 2020இல் வந்த 'ஆர்' 4.0.0 பதிப்புக்கு முன்பு, இத்தகைய சொற்கள் தாமாகவே வகைகளாக மாறிவிடும். அதன் பிறகு வெறும் எழுத்துகளாகவே நிற்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. அதன் தரவும் பதிப்புக்கொரு முகம் காட்டியது.

வகை என்று அறிவித்தால் போதும். சொற்களுக்குப் பதிலாக 1 முதல் 5 வரை எண்களை இட்டாலும் செய்தி மறைந்துவிடும். ஆனால் வலைக்கும் பொறிக்கும் இடையே இல்லாத ஒரு ஏறுவரிசையை மரங்கள் கற்பித்துக்கொள்ளும். அதைத் தடுக்க எந்தச் செய்தியும் வராது.

இரண்டாம் தடை அவருடைய சொந்தத் தரவில் வந்தது. அவரிடம் இருந்தவை நாற்பது குளங்கள். பத்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது முப்பத்தாறு. ஒவ்வொரு மரத்துக்கும் அதில் பாதி என்றால் பதினெட்டு. கிளைக்குப் பத்துப் பதிவுகளாவது வேண்டும் என்பது மென்பொருளின் இயல்பு விதி. தரவு மிகச் சிறியது, அல்லது எடுக்கும் பங்கு பொருந்தவில்லை என்று அது நின்றுவிட்டது. பங்கை 0.5இலிருந்து 0.75ஆக உயர்த்தினால் ஓடிவிடும். அழகிய வரைபடங்களும் கிடைக்கும்.

உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்த மாணவர் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாற்றாமல் விட்டார். ஆயிரம் ஓடைகளைக் கொண்டு வழிகாட்டி செய்ததை நாற்பது குளங்களிடம் கேட்பது நியாயமில்லை என்றார். எளிய முறை ஒன்றை இப்போதைக்குத் தேர்ந்து, அடுத்த மழைக்குப் பின் மேலும் குளங்களைக் காணப் புறப்படவிருக்கிறார்.

பாடம் சிதைந்த ஓலையில் விடுபட்ட சொல்லை ஊகித்து நிரப்புவது எளிது. இடைவெளியை இடைவெளியாகவே பதிப்பித்தவர்களைத்தான் நாம் நம்புகிறோம். பிழைச்செய்தியும் அத்தகைய இடைவெளிதான். நிரப்புவதற்கு முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.